சங்கத்தின் சாவிகள்

எண்பதுகளில் எங்கள் படிப்பகத்தின் பொதுக்குழு கூட வேண்டுமென்றால் முதல் செலவு அஞ்சலட்டைக்குத்தான். ஒன்று 15 பைசா. ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுக்கக் காசில்லாத வருடங்களில் அட்டைகளைக் கையாலேயே எழுதுவோம்: நாள், நேரம், இடம், பொருள் நிரல். எழுதிய கட்டோடு உறுப்பினர்களின் முகவரிப் பட்டியலையும் கொண்டுபோய்த் தபாலாபீசில் நீட்டினால், பட்டியலில் அஞ்சல்தலை ஒட்டி வட்ட முத்திரை குத்தித் தருவார்கள். சர்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங் என்று அதற்குப் பெயர். பதிவுத் தபாலுக்குச் செலவழிக்க முடியாத சங்கங்களுக்கு அந்த ஒரு தாள்தான் அத்தாட்சி. கூட்டத்தில் யாராவது எழுந்து “எனக்கு நோட்டீசே வரலையே” என்றால் பொருளாளர் அண்ணாச்சி அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைப்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது.

அஞ்சல் துறை அந்த வசதியை 2011இல் நிறுத்திவிட்டது. பதிவுத் தபாலும் 2025இல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. இப்போது எங்கள் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் எல்லோருக்கும் போய்விடுகிறது, செலவும் இல்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அன்று தபாலாபீசும் நோட்டும் பீரோவும் தாமாகவே செய்து கொடுத்த சில காரியங்களை இன்று நாம் யோசித்து, முனைந்து செய்ய வேண்டியிருக்கிறது. செய்யாவிட்டால் சங்கம் நடப்பதுபோலவே இருக்கும். அதன் உடைமைகள் மட்டும் ஒவ்வொன்றாக யார் யாருடைய கைப்பேசிக்கோ போய்விட்டிருக்கும்.

எங்களுடையது தென்காசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நாளிதழ்கள், ஓர் அலமாரிப் புத்தகம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம், மழைக்காலத்துக்கு முன்னால் குளத்துக் கால்வாயைத் தூர் எடுக்க ஆள் திரட்டுவது. இவ்வளவுதான் வேலை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கம் பதிவாகும். எங்கள் ஏழு பேரில் இருவர் பீடி சுற்றுபவர்கள், ஒருவர் தையல்காரர். பதிவான பிறகு பழைய பீரோ ஒன்று வாங்கினோம். மினிட் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, அடிக்கட்டையோடு கூடிய ரசீதுப் புத்தகங்கள், வவுச்சர்க் கட்டு, பைலா, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒரு சாவி செயலாளரிடம், இன்னொன்று பொருளாளரிடம். யார் பதவிக்கு வந்தாலும் பீரோ அங்கேயே நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் சங்கத்தினுடையது என்பதில் யாருக்கும் ஐயமே எழுந்ததில்லை.

இன்றைய நிலைமைக்கு ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தன்னார்வலர் தம்பி ஒருவன் சங்கத்துக்கு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்தான். தன் எண்ணையே கொடுத்துத் தொடங்கினான். நன்கொடையாளர் பட்டியல், பழைய வரவு செலவு, குளத்துப் படங்கள் எல்லாம் அதிலேயே சேர்ந்தன. பிறகு அவனுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. இங்கிருந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட ஆளில்லை. “டீச்சர், ஓடிபி வேற யாருக்கோ போகுது” என்று மாலை வகுப்பு எடுக்கும் பெண் என்னிடம் வந்து சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். பிறகு அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்தத் தம்பி மேல் எந்தக் குறையும் இல்லை. நல்ல மனதோடு, தன் சொந்த நேரத்தைச் செலவழித்துச் செய்த காரியம் அது. நன்கொடையாளர் பட்டியலை ரசீது அடிக்கட்டைகளையும் வங்கிப் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்ப எழுதினோம்.

ஆகவே சிறிய சங்கம் நடத்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “உங்கள் ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது?” என்பதைத்தான். சங்கத்துக்கென்று ஒரு சிம், அதைப் போட விலை குறைந்த ஒரு கைப்பேசி. இரண்டும் படிப்பகத்திலேயே இருக்கட்டும். மாதச் சந்தாவுக்குச் செலவு எழுதுவதுபோல ரீசார்ஜையும் ரொக்கப் புத்தகத்தில் எழுதிவிட்டால் அது மறக்காது. மின்னஞ்சல், வங்கி, வருமான வரித் தளம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டதும் பத்து மாற்றுக் குறியீடுகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசி தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவுகிறவை அவை. அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டி பீரோவுக்குள் வையுங்கள். இன்னொன்று: இரண்டு வருடம் திறக்கப்படாத தனிநபர் கணக்கை, அதிலுள்ள கோப்புகளோடு சேர்த்து நீக்கிவிடலாம் என்பது கூகுள் 2023இல் அறிவித்த விதி. விலகிப்போன ஒருவரின் சொந்தக் கணக்கில் உங்கள் பதிவேடு இருந்தால், அவர் அந்தக் கணக்கைக் கவனிக்காமல் விட்டதும் அதுவும் போய்விடும். பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்குத் தன் அலுவலகச் சேவைகளை கூகுள் இலவசமாகத் தருகிறது. விண்ணப்பித்து வாங்கிவிட்டால் கோப்புகள் சங்கத்தின் பெயரில் இருக்கும். செயலாளர் மாறினால் ஆள் மாறுவார், கோப்பு நகராது.

கோப்புக்குப் பெயரிடுவதிலும் ஒரு சின்னப் பழக்கம் போதும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் வைத்து, பிறகு பொருளை எழுதுங்கள்: ‘2024-06-15 செயற்குழுத் தீர்மானம்’. கோப்புகள் தாமே காலவரிசையில் நின்றுகொள்ளும். எவரும் திருத்தலாம் என்று பகிர்ந்த இணைப்பைக் குழுவில் போடாதீர்கள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

பணத்துக்கு வருகிறேன். எங்கள் அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடை சாத்திய பிறகு வந்து, அன்றைய ரசீது அடிக்கட்டையையும் பையிலிருக்கும் பணத்தையும் சரிபார்க்காமல் போகமாட்டார். “ஒரு ரூவா கூடுனாலும் தப்புதான் வே, குறைஞ்சாலும் தப்புதான்” என்று செயலாளரிடம் சொல்வார். வங்கியில் எடுக்க இருவர் கையெழுத்து. அந்த ஏற்பாட்டை நான் இன்றும் மதிக்கிறேன். 2016இல் யுபிஐ வந்த பிறகு நிறையச் சிறு சங்கங்களில் அது சத்தமில்லாமல் போய்விட்டது. யாரோ ஓர் உறுப்பினரின் எண்ணுக்கு எல்லோரும் பணம் போட, அவர் தன் கணக்கிலிருந்து செலவு செய்ய, மாதக் கடைசியில் தோராயமாகக் கணக்குச் சொல்ல என்று ஆகிவிட்டது. அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது இங்கே கேள்வியே இல்லை. வருமான வரித் துறை பார்த்தால் சங்கத்தின் பணம் அவருடைய வரவாகத் தெரியும். நாளை வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தால் அந்தக் கணக்கிலிருப்பது வாரிசுகளுக்குப் போகும். நல்லவரை அப்படிச் சிக்க வைக்கலாமா?

வழி எளிது. இருவர் சேர்ந்து இயக்கும் கணக்கிலிருந்து செயலி வழியாகப் பணம் அனுப்ப வங்கிகள் பொதுவாக விடுவதில்லை. வாங்குவதற்கு அந்தச் சிக்கல் இல்லை. சங்கக் கணக்குக்கே கியூஆர் அட்டை வேண்டுமென்று கிளையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஸ்கேன் செய்கிறவரின் திரையில் சங்கத்தின் பெயர் தெரிய வேண்டும். வருவது யுபிஐ வழியாக வரட்டும், போவது இரண்டு கையெழுத்தோடு போகட்டும். அட்டையைச் சுவரில் மாட்டினால் அவ்வப்போது ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். மேலே வேறொருவரின் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கை வங்கி செயலற்றது என்று வைத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

யுபிஐயில் ஒரு குறை உண்டு. பணம் வரும், கொடுத்தவரைப் பற்றிய விவரம் வராது. பாஸ்புக்கில் பாதி பெயரும் ஒரு எண்ணும்தான் இருக்கும். அன்று ரசீது எழுதும்போதே, “யாரு மகன்? எந்தத் தெரு?” என்று கேட்டு அண்ணாச்சி முகவரியை எழுதிவிடுவார். இன்று அந்தக் கேள்விகளை ஒரு கூகுள் படிவம் கேட்க வேண்டும்: பெயர், முகவரி, பான், தொகை, பரிவர்த்தனை எண். அட்டையின் பக்கத்திலேயே படிவத்துக்கான இணைப்பையும் வையுங்கள். நன்கொடையாளருக்கு வரிக் கழிவு பெற்றுத்தரும் 80ஜி அனுமதி உள்ள சங்கத்துக்கு இது கட்டாயத் தேவை. முன்பு ரசீதில் 80ஜி எண்ணை அச்சடித்துக் கொடுத்தாலே போதும். 2021-22ஆம் நிதியாண்டு முதல் நன்கொடையாளர் ஒவ்வொருவரின் விவரத்தையும் 10பிடி படிவத்தில், ஆண்டு முடிந்து மே 31க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். அங்கிருந்து இறங்கும் 10பிஇ சான்றை நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டும். அது இல்லாமல் அவருக்கு வரிக் கழிவு இல்லை. தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 200 கட்டணம். ரொக்கமாக ரூ. 2,000க்கு மேல் கொடுத்தாலும் கழிவு கிடைக்காது. 2017 வரை அந்த வரம்பு ரூ. 10,000 ஆக இருந்தது. மே மாதக் கடைசி வாரத்தில் பான் எண் கேட்டு நன்கொடையாளர்களுக்கு போன் போடுவது எவ்வளவு சங்கடம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். கொடுக்கும் கையிடம் அந்த நிமிடமே கேட்டுவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் பிரிவுகளுக்கும் படிவங்களுக்கும் எண்கள் மாறுகின்றன. புதிய எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். சேர்த்து வைக்க வேண்டிய விவரம் அதேதான்.

ஆடிட்டர் என்றதும் ஒன்று. சிறு சங்கங்களில் வருமான வரித் தளத்தின் பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல், எண் எல்லாமே ஆடிட்டர் அலுவலகத்தினுடையதாக இருப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வேலை சுலபமாக நடக்கட்டும் என்று அவர்கள் செய்து வைத்தது. ஆனால் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் அது உங்கள் கண்ணில் படாது. பதில் சொல்ல வேண்டிய நாள் கடந்துபோகும். தளத்தில் முதன்மைத் தொடர்பாளர் என்ற இடத்தில் இப்போதைய செயலாளர் அல்லது தலைவரின் விவரமும் சங்கத்தின் எண்ணும் இருக்கட்டும். ஆடிட்டரின் எண்ணை இரண்டாவதாக வையுங்கள். மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கவும் பழகுங்கள். சங்கத்துக்கு வருமான வரி விலக்குத் தரும் 12ஏ பதிவு முன்பு ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். 2021 முதல் அது ஐந்தாண்டுப் பதிவாகிவிட்டது. சிறிய அமைப்புகளுக்குப் பத்தாண்டு கொடுக்கலாம் என்று 2025இல் திருத்தினார்கள். பதிவு முடிய ஆறு மாதத்துக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரிலும் எழுதுங்கள், சங்கக் கைப்பேசியிலும் போடுங்கள்.

கூட்டங்களைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். மரத்தடியிலோ படிப்பகத் திண்ணையிலோ உட்கார்ந்து, தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு எழுதி, வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கலைவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ரேகை வைப்பார்கள். பெண்கள் வந்து உட்காரத் தொடங்கியதும், தங்கள் பெயரைத் தாங்களே எழுதத் தொடங்கியதும் அந்தப் புத்தகத்தில்தான் தெரிகிறது. இப்போது குழுவில் ஒரு செய்தி, அதன்கீழ் வரிசையாகக் கட்டைவிரல் படங்கள், தீர்மானம் நிறைவேறியதாக ஒரு நம்பிக்கை. வங்கியும் மாவட்டப் பதிவாளர் அலுவலகமும் கேட்பது தீர்மான நகலைத்தான், கட்டைவிரலை அல்ல. வாட்ஸ்அப்பில் பேசுங்கள், கருத்துக் கேளுங்கள். ஆனால் முறைப்படி அறிவித்து, கோரம் சேர்த்து, கூடி முடிவெடுத்து, மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். அனுப்பிய அறிவிப்பின் திரைப் படத்தைத் தேதியோடு அச்செடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால் பழைய வட்ட முத்திரையின் வேலையை அது செய்யும். கைப்பேசி இல்லாத மூத்த உறுப்பினர்களுக்கு வீடு தேடிப்போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்களை விட்டுவிட்டுச் சங்கம் நடத்தக் கூடாது.

நிர்வாகிகள் மாறினால் படிவம் 7ஐப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சான்றிட்ட அதன் நகல் இல்லாமல் வங்கியில் கையெழுத்தை மாற்ற முடியாது. ஆண்டுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் வருடா வருடம் கொடுத்துவிடுங்கள். விட்டுப்போன வருடங்கள் சேர்ந்துவிட்டால் அபராதமும் அலைச்சலும் சேரும். ஏதோ ஒரு நகல் அவசரமாகத் தேவைப்படும்போதுதான் அது தெரியவரும்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிப் பேசும்போது பெண் தன்னார்வலர்களையும் நினைக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் அங்குள்ள அத்தனை பேருக்கும் அவர்கள் எண் தெரியும். நள்ளிரவில் தேவையில்லாத செய்தி வந்ததால் மாலை வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது; நிர்வாகிகள் மட்டுமே செய்தி போட முடியும். பொது அறிவிப்புக்கு அது போதும். எந்தக் குழுவுக்கும் குறைந்தது இரண்டு அட்மின் வையுங்கள்.

பிறகு, படங்கள். அன்று எங்களிடம் கேமரா கிடையாது. ஆண்டு விழாவுக்கு ஸ்டுடியோக்காரர் வந்து ஒன்றிரண்டு படம் எடுப்பார், அவ்வளவுதான். எந்தப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், யார் வீட்டுக்கு அரிசி போனது என்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரியும். இன்று ஒரு பேனா கொடுத்தாலும் பிள்ளையை நிமிரச் சொல்லிப் படம் எடுத்து, பெயரோடும் பள்ளியோடும் முகநூலில் போடுகிறார்கள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். கணக்கைக் கணக்காகவே காட்டலாம்: வாங்கிய பில், கொடுத்த எண்ணிக்கை, மீதி. அந்தப் பிள்ளை பெரியவனாகி வேலை தேடும் நாளிலும் தன் பெயரைத் தேடினால் கைநீட்டி நிற்கும் படம் வரும் என்பதை யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் கேட்க வேண்டியதுதான். வகுப்பு நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் பின்னாலிருந்து எடுங்கள். கரும்பலகையை எடுங்கள், தூர் எடுத்த கால்வாயில் தண்ணீர் ஓடுவதை எடுங்கள். ஆதார் நகல்களை வாட்ஸ்அப்பில் வாங்கிச் சேர்த்து வைப்பதும் இதே ரகம்தான். தேவையில்லாததை வாங்காதீர்கள். தேவைப்பட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த ஆதாரை வாங்குங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் பல நல்ல சங்கங்கள் தெரியாமல் இடறியிருக்கின்றன. எங்கள் படிப்பகத்தில் படித்தவர்கள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஊருக்குச் செய்ய ஆசைப்படுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் சம்பாதித்துத் தன் பணத்தை அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், அவரிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கவே கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருட இருப்பும், அந்தக் காலத்தில் குறைந்தது ரூ. 15 லட்சம் நற்பணிச் செலவும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். எனவே நன்கொடைப் படிவத்தில் ‘நான் இந்தியக் குடிமகன்/குடிமகள்’ என்று ஒரு வரி சேர்த்து ஒப்புதல் வாங்குகிறோம். வாங்க முடியாத அன்பர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் ஒருவர் வாரம் ஒருநாள் இணையம் வழியாக எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார்.

இன்னொரு எச்சரிக்கை. பெரிய நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி வாங்கித் தருகிறோம், முன்பணமாக இவ்வளவு கட்டுங்கள் என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். அந்த நிதிக்குத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவுக்கும் நிதி ஆயோக்கின் தர்பன் பதிவுக்கும் அரசுக் கட்டணமே கிடையாது.

இந்த ஆண்டு மாலை வகுப்புப் பெண்ணே செயலாளர் ஆகியிருக்கிறாள். ஒப்படைப்புப் பட்டியலை அவளே தயாரித்தாள். பழைய பட்டியலில் இருந்த மினிட் புத்தகம், ரசீதுப் புத்தகம், ஸ்டாம்ப் எல்லாம் இருந்தன. அவற்றின்கீழ் சங்கச் சிம், கைப்பேசி, மின்னஞ்சல், வரித் தளக் கடவுச்சொல், குழு அட்மின் மாற்றம், ஒட்டிய உறை என்று எழுதிப் பழைய நிர்வாகிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அண்ணாச்சி இருந்திருந்தால் அவளைத் தட்டிக் கொடுத்திருப்பார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பைலாவின் கணினிப் பிரதி தொண்ணூறுகளில் ஏதோ பழைய எழுத்துருவில் அடித்தது. இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கிறது. மாற்றியில் போட்டுப் பார்த்ததில் கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன. அதனால் அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூனிகோடில் புதிதாக அடிக்கிறோம். நோக்கங்களும் உறுப்பினர் சேர்க்கையும் முடிந்துவிட்டன; தேர்தல் விதிகளும் தணிக்கைப் பகுதியும் மீதி. தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கத் தெரிந்த யாராவது சனிக்கிழமை மாலைகளில் வந்தால் பொதுக்குழுவுக்கு முன்பே முடித்துவிடலாம்.